சீட்டின் சொல்

பிரிட்ஜில் கூட்டாளிக்குச் சீட்டால் குறிப்புணர்த்துவதைக் கள்ளம் என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஓர் இனத்தில் பெரிய சீட்டை முதலிலும் சிறியதைப் பின்னும் இட்டால் கையிருப்பு இரட்டைப்படை. மாற்றி இட்டால் ஒற்றைப்படை. பலரும் கைக்கொள்ளும் இந்த உடன்பாட்டை எதிரணியிடம் மறைக்கலாகாது என்பது விதி.

1965இல் பியூனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், பிரிட்டனின் ரீஸும் ஷபீரோவும் ஆர்ட்டின் எண்ணிக்கையை விரல்களால் உணர்த்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. உலகக் கூட்டமைப்பு குற்றம் உறுதி என்றது. 1966இல் பிரிட்டனில் முடிந்த விசாரணையோ அவர்களை விடுவித்தது.

உண்மை எதுவாயினும், விரலும் சீட்டும் சொல்லக்கூடிய செய்தி ஒன்றே. சீட்டின் சொல் மட்டும் எதிராளிக்கும் கேட்கிறது. அவருக்கே அது பயன்படவும் கூடும். ஆகவே எப்போது சொல்லாதிருப்பது என்பதும் திறமையாகிறது. அந்த ஆபத்தை ஏற்றுப் பேசுவதையே நாம் நேர்மை என்கிறோம்.