ஐயோவாவின் ஊர்க்கூடல்

சென்ற கிழமை எமது கல்லூரியில் மொழிபெயர்ப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தபொழுது மாணாக்கர் ஒருவர் எழுந்து, "ஐயா, அமெரிக்கத் தேர்தற் செய்திகளில் வரும் 'கோக்கஸ்' என்பதற்குத் தமிழ் யாது?" என்று வினவினார். மேசையிலிருந்த அகராதியைப் புரட்டினோம். 'கட்சியின் உட்குழு' என்று அது விடை பகர்ந்தது. அவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. உட்குழு என்றால் கதவை அடைத்துக்கொண்டு நாலைந்து பேர் குசுகுசுப்பதே மனக்கண்ணில் வரும். ஐயோவா மாநிலத்தில் நடந்ததோ, கதவைத் திறந்து வைத்து ஊரையே உள்ளே அழைத்த செயல். விடையை அடுத்த பாடத்திற்கு ஒத்திவைத்துவிட்டு வீடு வந்தேன். வந்தபின் சொல்லை விடப் பொருளே என்னைப் பற்றிக்கொண்டது.

அகராதியையும் முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. இச்சொல்லின் பிறப்பிடம் பற்றிச் சொல்லாராய்ச்சியாளர் ஒருமுகப்பட்டாரல்லர். அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியொன்றில் ஆலோசனை கூறுவோனைக் குறித்த சொல்லே திரிந்து இவ்வாறாயிற்று என்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். பின்னாளில் சனாதிபதியாகிய ஜோன் அடம்ஸ் 1763ஆம் ஆண்டில் எழுதிய நாட்குறிப்பில் இது வருகிறது. பொஸ்ரன் நகரிலே ஒரு வீட்டின் மேல்மாடத்தில், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் தெரியாத அளவுக்குப் புகையிலைப் புகை சூழ, கழகத்தார் சிலர் கூடுவராம். ஊரவர் கூடித் தெரிவதற்கு முன்னரே ஊர்ப்பதவிகளுக்கு உரியோரை அங்கே தெரிந்துவிடுவராம். ஆகவே சொல் பிறந்த காலத்தில் உட்குழுவாகவே பிறந்தது. அது வெளிக்கூட்டமாக மாறிய கதைதான் ஐயோவாவின் கதை.

ஐக்கிய அமெரிக்காவிலே சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் வேறொரு தேர்தல் உண்டு என்பதை நம்மவர் பலர் கருத்திற் கொள்வதில்லை. இங்கே கட்சியின் வேட்பாளரை (எங்கள் தந்தையார் காலத்துப் பத்திரிகைகள் 'அபேட்சகர்' என்னும்) கட்சித் தலைமை கூடி அறிவித்துவிடும். அங்கே கட்சியின் தேசிய மாநாடே அவரை நியமிக்கும். அம்மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளை ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு நாளில் தெரிந்தனுப்பும். பெரும்பாலான மாநிலங்கள் வாக்குச்சீட்டினால் தெரியும். சில மாநிலங்கள் கூட்டம் கூடித் தெரியும். அவற்றுள் 1972 முதல் முந்திக்கொண்டு நின்றது ஐயோவா.

மிசிசிப்பி ஆற்றுக்கும் மிசூரி ஆற்றுக்கும் இடைப்பட்ட சோளக்காட்டு நாடு அது. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி மக்கள் ஏறக்குறைய 32 இலட்சம். பன்றிகளோ மக்களினும் பல மடங்கு. மாவட்டங்கள் 99. ஆவணி மாதத்திலே தலைநகராகிய டெமோயினில் நடைபெறும் மாநிலப் பெருஞ்சந்தையில், வெண்ணெயினாலேயே முழு உருவிற் செய்த பசுவொன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவர். சனாதிபதியாக விரும்புவோர் எவராயினும் அந்த வெண்ணெய்ப் பசுவின் முன் நின்று படம் பிடித்துக்கொள்ளல் வேண்டும். சோளத்திலிருந்து வடிக்கும் எதனோல் எரிபொருளின் மேன்மையை எடுத்தியம்பல் வேண்டும். இயலுமாயின் 99 மாவட்டங்களையும் மிதித்து வருதல் வேண்டும்.

இத்தகைய சிறு மாநிலத்துக்கு முதலிடம் எவ்வாறு வாய்த்தது? பெருந்திட்டம் ஒன்றும் இல்லை. 1968ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் சனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர் வீதியில் அடிபட, மண்டபத்தினுள்ளே ஹியூபேர்ட் ஹம்பிரி நியமனம் பெற்றார். மாநிலங்களின் முன்தேர்தல் ஒன்றிலேனும் அவர் போட்டியிட்டாரல்லர். இதனால் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்கக் கட்சி புது விதிகளை வகுத்தது. பிரதிநிதிகளைத் தெரியும் கூட்டங்கள் தேர்தல் நடக்கும் ஆண்டிலேயே நடைபெறல் வேண்டும். முன்னறிவித்தல் கொடுத்தே கூட்டல் வேண்டும். ஐயோவாவில் வட்டாரம், மாவட்டம், காங்கிரஸ் தொகுதி, மாநிலம் என நான்கு படிகள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே முப்பது நாளாவது வேண்டும் என்று அங்குள்ள கட்சியார் கணக்கிட்டனர். ஏனெனில் தாள்களைப் படியெடுக்க அவர்களிடம் இருந்தது பழைய றோணியோ யந்திரம் ஒன்று. மாநில மாநாட்டுக்கு நினைத்த நாளில் டெமோயினில் விடுதி அறைகளும் கிடைக்கவில்லை என்பர். இவ்வாறு பின்னிருந்து முன்னாக எண்ணிக்கொண்டே வர, முதற்படி 1972 சனவரி 24ஆந் திகதியில் வந்து விழுந்தது. பரீட்சைக் காலத்திலே வினாத்தாளுக்காக றோணியோவைச் சுற்றிக் கை கறுத்த ஆசிரியர்கள் அந்த யந்திரத்தின் வல்லமையை ஐயுறமாட்டார்கள்.

நாலாண்டு சென்றபின் ஜோர்ஜியா மாநிலத்து முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் இந்த முந்துதலின் பயனைக் கண்டுகொண்டார். நாடு முழுவதும் அறியாத அந்த நிலக்கடலைக் கமக்காரர் ஐயோவாவின் சிற்றூர்களில் வீடு வீடாகத் தங்கினார். 1976 சனவரியில் அவர் பெற்றது ஏறக்குறைய 28 வீதம். முதலிடம் பெற்றது ஒரு மனிதரன்று. 'இன்னும் எவரையும் தீர்மானித்தோமில்லை' என்ற பிரிவே 37 வீதத்துடன் முன்னின்றது. எனினும் மறுநாட் பத்திரிகைகள் கார்ட்டரே வென்றார் என்று எழுதின. ஆண்டு முடிவில் அவர் சனாதிபதியாகத் தெரிவானார். முதல் மாநிலத்தின் செல்வாக்கு எதில் உள்ளது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. பிரதிநிதிகளின் தொகையில் அன்று. 2020இல் சனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மாநிலங்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டுச் சென்ற 3,979 பிரதிநிதிகளுள் ஐயோவாவுக்கு உரியோர் 41 பேரே. மறுநாட் காலையில் நாட்டுக்குச் சொல்லப்படும் கதையில்தான் அச்செல்வாக்கு முழுவதும் இருக்கிறது. கதையை எழுதுவோர் பத்திரிகையாளர். கருப்பொருள் தருவோர் சோளக்காட்டார்.

கூட்டம் நடந்த விதத்தையும் சொல்லல் வேண்டும். சனநாயகக் கட்சியார் 2020 வரை கைக்கொண்ட முறையையே இங்கு கூறுகின்றேன். மாரிக்காலத்து இரவு ஏழு மணி. பாடசாலை மண்டபத்திலோ, நூல்நிலையத்திலோ, தேவாலயத்திலோ வட்டாரத்தார் கூடுவர். வாக்குச்சீட்டு இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர் தத்தம் மூலையிற் போய் நிற்க, தலையை எண்ணுவர். நூறு பேர் வந்திருப்பின், பெரும்பாலான வட்டாரங்களில், பதினைந்து பேரேனும் நிற்காத மூலை நிலைபெறாது. ஒரு மூலையில் பதினொருவர் நிற்கின்றனர் என்று கொள்வோம். அவர்கள் வேறு மூலைக்குப் பெயரலாம். நிலைபெறாத மற்றொரு கூட்டத்தைத் தம்பக்கம் இழுத்து எண்ணிக்கையை நிறைக்கலாம். அன்றி வீட்டுக்குப் போகலாம். அப்போதுதான் கூட்டம் சூடுபிடிக்கும். பக்கத்து வீட்டார் வந்து கையைப் பிடித்து, "உங்கள் ஆளுக்கு இடமில்லையே, எங்கள் ஆளிடம் என்ன குறை கண்டீர்கள்?" என்று வாதிடுவர். பிள்ளைக்குப் படிப்பித்த ஆசிரியை ஒரு மூலையிலிருந்தும், பால் வாங்கும் கடைக்காரர் மற்றொரு மூலையிலிருந்தும் அழைப்பர். ஈற்றில் மீண்டும் எண்ணி, மாவட்ட மாநாட்டுக்குரிய பிரதிநிதிகளைப் பங்கிடுவர்.

குடியரசுக் கட்சியாரின் முறை வேறு. அவர்கள் அதே இரவிற் கூடிப் பேச்சுக்களைக் கேட்டபின் தாளிற் பெயரெழுதி இரகசியமாகவே வாக்களிப்பர்.

இம்முறையை முதன்முதல் வாசித்தறிந்த காலத்தில் என் உள்ளம் களித்தது என்பதை மறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக மாணாக்கரை விவாத மேடையில் ஏற்றி வருபவன் யான். வாக்காளர் தம் கருத்துக்குக் காரணங் கூறவும், பிறர் காரணத்தைக் கேட்டு மனம் மாறவும் இடமளிக்கும் தேர்தல் ஒன்று உலகில் உண்டென்றால் அதனை மெச்சாதிருப்பது எவ்வாறு? நமது நாட்டிலும் சனாதிபதித் தேர்தலில் இரண்டாம் மூன்றாம் விருப்பங்களை வாக்குச்சீட்டிற் குறிக்க 1978ஆம் ஆண்டு யாப்பு இடமளித்திருக்கிறது. 2024 செத்தெம்பரிலேதான் அவ்விருப்பங்களை எண்ணும் தேவை முதன்முறையாக ஏற்பட்டது. நாம் தனித்து நின்று பென்சிலாற் குறிப்பதை ஐயோவாவார் காலால் நடந்து காட்டினர். 2008 சனவரி 3ஆந் திகதி வெள்ளையரே மிகப் பெரும்பாலராயுள்ள அம்மண்டபங்களில் பராக் ஒபாமாவின் மூலைகள் நிறைந்து வழிந்தன. அவர் ஏறக்குறைய 38 வீதம் பெற, ஹிலறி கிளின்ரன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரின் ஆதரவைப் பெறுவார் என்று அதுவரை நம்பாதோரும் அவ்விரவுக்குப் பின் நம்பினர்.

ஆனால் அதே இரவின் கணக்கை மறுபடி நோக்குக. சனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தோர் ஏறத்தாழ 2,39,000 பேர். அதுவே அதுவரை காணாத பெருங்கூட்டம். முப்பது இலட்சம் பேர் வாழும் மாநிலத்தில் அதற்கு மேல் எவரும் வரவில்லை. ஏன்? இரவு ஏழு மணிக்கு வைத்தியசாலையிற் கடமை புரியும் தாதி வரமுடியாது. இறைச்சித் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை செய்பவர் வரமுடியாது. கைக்குழந்தையுடைய தாய்க்கும் உறைபனியில் நடக்க அஞ்சும் முதியவருக்கும் அவ்வாறே. தபாலில் அனுப்ப வாக்குச்சீட்டே இல்லை. பின்னாளில் வேற்றிடக் கூட்டங்கள் சிலவற்றை ஒழுங்குசெய்து பார்த்தனர். குறை முற்றும் தீரவில்லை. பேசி முடிவு காணும் சபை என்று யான் மெச்சியது, பேசுவதற்கு ஓய்வுடையோரின் சபையாக இருந்தது.

வந்தவர்களும் முற்றிலும் சுயாதீனராய் வந்தார்களா? இவ்விடத்தில் எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. என் இளவயதில் ஊர்ச் சங்கம் ஒன்றின் தலைவரைக் கையுயர்த்தித் தெரிந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் ஒரு பெரியவரின் தோட்டத்திற் கூலிவேலை செய்பவர். அப்பெரியவரின் பெயரைச் சொன்னதும் அவர் கையை உயர்த்தினார். முகத்தை மட்டும் நிலத்தை நோக்கித் தாழ்த்திக்கொண்டார். கூட்டம் கலைந்தபின், "தம்பி, கை அவருடையது" என்று மெல்லச் சொன்னார். ஐயோவாவின் மண்டபங்களில் முதலாளி ஒரு மூலையிலும் தொழிலாளி மற்றொரு மூலையிலும் நிற்கக் கண்ட ஊர்கள் இருந்திருக்கும். தொழிலாளி அம்மூலைக்கே போகாத ஊர்களும் இருந்திருக்கும். வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டியில் இடும் உரிமையை மனிதர் ஏன் போராடிப் பெற்றனர் என்பதை அன்று அறிந்தேன். விவாத மேடை வேறு, வாக்குச்சாவடி வேறு. இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்தால் விவாதம் வளரும், வாக்கு மெலியும். முன்னர் கொண்டிருந்த வியப்பை இப்போது கைவிட்டேன் என்றே சொல்லல் வேண்டும்.

எண்ணுவதிலும் இடர்ப்பட்டனர். 2012இலே குடியரசுக் கட்சியின் மிற் றொம்னி எட்டு வாக்குகளால் வென்றார் என அன்றிரவு அறிவித்தார்கள். இரண்டு கிழமைக்குப் பின் சரிபார்த்தபோது றிக் சன்றோரம் 34 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். எட்டு வட்டாரங்களின் கணக்குக் கிடைக்கவேயில்லை. அதற்குள் றொம்னியின் வெற்றிக்கதை நாடெங்கும் பரவிவிட்டது. 2020 பெப்ரவரி 3ஆந் திகதியோ, முடிவுகளை அனுப்பக் கைத்தொலைபேசியில் அமைத்த புதுச் செயலி பழுதுபட்டது. தொலைபேசியில் அழைத்தோர் மணிக்கணக்கிற் காத்திருந்தனர். அன்றிரவு முடிவே வரவில்லை. பீற் புட்டிஜெஜ், பேணி சாண்டர்ஸ் என்னும் இருவரும் மயிரிழை வேறுபாட்டில் நிற்க, அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் வென்றவர் இன்னார் எனக் கூற மறுத்துவிட்டது. காலைக் கதை பிறவாத அந்த ஒரு நாளே ஐயோவாவின் முதலிடத்துக்குக் கேடாயிற்று.

அத்தேர்தலில் ஐயோவாவில் நான்காமிடம் பெற்றவர் ஜோ பைடன். அவரைக் காப்பாற்றியது அம்மாதம் 29ஆந் திகதி வாக்களித்த தென் கரோலினா. அங்கே சனநாயகக் கட்சி வாக்காளருட் பாதியளவினர் கறுப்பினத்தவர். சனாதிபதியாகியபின், 2022 திசெம்பரில், தென் கரோலினாவே முதலில் வாக்களிக்கட்டும் என்று அவர் கட்சிக்கு எழுதினார். கூட்டமுறை உழைப்போரை விலக்குகிறது என்பதையும் காரணமாகக் காட்டினார். தமக்கு உதவிய மாநிலத்துக்குக் காட்டிய நன்றி அது என்று கூறினோர் உண்டு. நன்றியும் நியாயமும் ஒரே பக்கத்தில் நின்றால் நியாயம் பிழையாகிவிடுமா? எனினும் அரசியல்வாதிக்கு அத்தகைய தற்செயல்கள் அடிக்கடி வாய்ப்பது வியப்புக்குரியதே.

முதலிடத்தை விட்டுக்கொடுப்பது எளிதன்று. முன்தேர்தல் எதற்கும் எட்டு நாளாவது முந்திக் கூட்டம் நடத்தல் வேண்டும் என்பது ஐயோவாவின் சட்டம். தன்னை ஒத்த தேர்தல் எதற்கும் ஏழு நாளாவது முந்துதல் வேண்டும் என்பது நியூ ஹாம்சயரின் சட்டம். இருவரும் அயலவரை அல்ல, நாட்காட்டியையே எதிர்த்துச் சட்டம் இயற்றியவர்கள். 2024 சனவரி 23ஆந் திகதி நியூ ஹாம்சயர் கட்சியின் கட்டளையை மீறித் தன் தேர்தலை நடத்தியது. பைடனின் பெயர் சீட்டிலே இல்லாதிருக்க, வாக்காளர் அதனைத் தம் கையாலெழுதி அவரை வெல்ல வைத்தனர்.

ஐயோவாவில் 2024 சனவரி 15ஆந் திகதி இரவு, கொடுங்குளிரில், குடியரசுக் கட்சியார் ஏறத்தாழ 1,10,000 பேர் கூடி டொனால்ட் ட்ரம்புக்கு 51 வீதம் அளித்தனர். அவ்விரவில் சனநாயகக் கட்சியாரும் கூடினர். ஆனால் கட்சி அலுவல்களைப் பேசிவிட்டுக் கலைந்தனர். சனாதிபதி வேட்பாளர் பற்றிய தம் விருப்பத்தை அட்டையிற் குறித்துத் தபாலில் அனுப்பினர். முடிவு மார்ச் 5ஆந் திகதி வெளிவந்தது. அதே நாளில் வேறு பல மாநிலங்களும் வாக்களித்தமையால் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. இரவுமுறைத் தாதி அவ்வாண்டில் வாக்களித்திருக்கலாம். மூலையிலிருந்து அவரை அழைக்க எவரும் இருந்திலர்.

அடுத்த பாடத்தில் மாணாக்கருக்கு 'ஊர்க்கூடல்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டு, "அட்டையில் எழுதித் தபாலில் அனுப்பியதற்கும் இதே சொல்லா, ஐயா?" என்றார். அதற்கு இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கின்றேன்.