ஐம்பது ரூபாய்க்கு ஒரு வதை

ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் தமிழ்நாட்டில் 1,000 ரூபாய் அபராதம். வண்டி மாட்டின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால், வளர்த்த நாயைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால்? மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். முதல் முறை பிடிபட்டால் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். அந்த 50 ரூபாய் 1960இல் எழுதிய தொகை.

மிருகத்தைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உயிரோடு வைத்து வதைத்தாலோ இந்த மலிவு விலை.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் ஊர்க்காரர். ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் பரதநாட்டியம், கலாக்ஷேத்ரா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1952இல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினரான அவர், மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நோக்கம் சரி, அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னார். அந்த வாக்கை நம்பி மசோதாவைத் திரும்பப் பெற்றார். சட்டம் வர 1960 ஆயிற்று. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அன்றைக்கு 50 ரூபாய் ஒரு கூலிக்காரருக்குப் பல நாள் சம்பாத்தியம். பயந்திருப்பார். இன்று யார் பயப்படுவார்கள்?

அதே 11ஆவது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. உடலை ஓரளவு அசைக்கக்கூட நீளம், அகலம், உயரம் போதாத கூண்டில் ஒரு பிராணியை அடைத்து வைப்பது குற்றம். இதைப் படித்ததும் எனக்கு நாமக்கல் முட்டைப் பண்ணைகள்தான் நினைவுக்கு வந்தன. கம்பிக் கூண்டில் வளரும் லேயர் கோழிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. ஒன்றரை வருடம் போல அப்படியே நின்று முட்டையிடும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைக் கூண்டை 2012 முதல் தடை செய்துவிட்டது. நம் சட்ட ஆணையமும் 2017இல் கோழிகளின் கூண்டு வாழ்க்கை பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. நாம் தினமும் பேப்பரில் தேடுவதோ முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையை மட்டும்தான்.

நானும் முட்டை சாப்பிடுகிறவன். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை போடுவதை நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பண்ணைக்காரரும் கடனில் ஓடுகிறவர்தான். கூண்டைப் பெரிதாக்கினால் முட்டைக்குச் சில காசு கூடும். அந்தக் காசை அவர் தலையில் கட்டாமல், அரசும் நாமும் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் காளைக்காகப் பேசித் தடை விதித்த உச்ச நீதிமன்றம், இந்த அபராதத்தை உயர்த்தும்படியும் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. தடையை எதிர்த்து மெரினாவில் கூடினோம், 2017இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் திருத்தம் வந்தது, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. காளையை நேசிக்கிறோம் என்று இரு தரப்பும் சத்தியம் செய்த அத்தனை ஆண்டுகளில் இந்த 50 ரூபாயைப் பற்றி எவரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

மக்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் 39 பேர். உங்கள் தொகுதிக்காரர் அடுத்த முறை கல்யாணத்துக்கோ திறப்பு விழாவுக்கோ வரும்போது, சாலையும் குடிநீரும் கேட்ட பிறகு, இந்த அபராதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.