பாலங்களைக் கழற்ற மட்டும் பணம் இருக்கிறதா?

சரிசெய்ய 6 கோடி டொலர் வேண்டுமாம், அது கட்டுப்படியாகாதாம். அதே பாதையில் பாலங்களைக் கழற்றவும் மதகுகளைத் தோண்டியெடுக்கவும் ஏறத்தாழ 2 கோடி டொலர் செலவிடலாமாம். பிரின்ஸ்டனுக்கும் புரூக்மியருக்கும் இடையே, சைக்கிள் தடமாக மாறிய கெட்டில் வேலி பழைய ரயில்பாதையில் 67 கிலோமீற்றரை விட்டுவிடுவது என்ற பிரிட்டிஷ் கொலம்பியா அரசின் முடிவு இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. பாதையை அப்படியே போட்டுவிட்டுப் போனால்கூட ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். காசு கொடுத்து அழிப்பதற்கு என்ன நியாயம்?

2021 நவம்பர் வெள்ளத்தில், இந்தப் பாதையையொட்டி ஓடும் துலமீன் ஆறு செய்த அழிவை யாரும் மறுக்கவில்லை. பிரின்ஸ்டன் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. மேலே பள்ளத்தாக்கில் பாதையின் கரைகளை அறுத்துக்கொண்டு போனது. பழுதான பாலம் அடுத்த வெள்ளத்தில் அடித்துவரும் மரங்களை மறித்து ஆற்றைத் திசைதிருப்பிவிடும் என்று அதிகாரிகள் அஞ்சுவதிலும் பொருள் உண்டு. அப்படி ஆபத்தான பாலங்கள் எவையோ அவற்றைக் கழற்றட்டும். மற்றவை என்ன பாவம் செய்தன?

சைக்கிள்காரர் சிலரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு போனதற்கா இவ்வளவு சத்தம் என்று கேட்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் போனதில்லை. ஒரு பக்கம் காவிநிறப் பாறைச்சுவர், மறுபக்கம் காலடியில் ஆறு. நடுவில் நீராவி எஞ்சின் இழுக்கக்கூடிய மிதமான சரிவில் ஒரே ஒரு தடம். வேறெந்த மலைவழியிலும் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளவேண்டிய அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் இதில் மிதித்துப் போகலாம். மலையைக் குடைந்து, கரை கட்டி, சரிவை அளந்து யாரோ நூறு ஆண்டுக்கு முன்பே வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். ரயில்பாதைத் தடம் என்ற ஏற்பாட்டின் முழு இலாபமும் இதுதான். முதல் போட்டவர் செத்துப்போனார், சொத்து நம் கையில்.

அந்த முதலின் கதையையும் சொல்லவேண்டும். கூட்டனே மலைகளில் வெட்டிய வெள்ளித்தாது தெற்கே அமெரிக்காவுக்குப் போய்விடக்கூடாது என்றுதான் கெட்டில் வேலி ரயில்பாதையே வந்தது. ஆனால் பிரின்ஸ்டன்–புரூக்மியர் துண்டைப் போட்டது அதன் பரம எதிரியான கிரேட் நோர்தர்ன் குழுமம். பள்ளத்தாக்கு ஒடுக்கமானது, இரண்டு பாதை அநாவசியம் என்று கண்டபோது பகைவர்கள் இருவரும் ஒரே தண்டவாளத்தில் ரயில் ஓட்ட உடன்பட்டார்கள். ஒருவரையொருவர் கவிழ்க்கக் காத்திருந்த முதலாளிகளுக்கு இருந்த சிக்கனப் புத்திகூட இன்றைய மாகாண நிர்வாகத்துக்கு இல்லை என்பது வெட்கக்கேடு.

ரயில் 1989இல் நின்றது. தண்டவாளம் போயிற்று, தடம் இருந்தது. தடம் இருந்ததால்தான் சைக்கிள் வந்தது. கடல் முதல் கடல் வரை போகும் டிரான்ஸ் கனடா தடத்தோடும் இணைந்தது. தடம் இருந்தால் போனதும் திரும்ப வரும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு இலங்கையின் வடபகுதியில் தண்டவாளங்களும் சிலீப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். யாழ்தேவி ரயில் இனி வராது என்றே பலர் நம்பினார்கள். 2014இல் வந்தது. ஊடே போன நிலம் துண்டுபடாமல் ஒரே கோடாகக் கிடந்ததால் அதே வழியில் மறுபடி போட முடிந்தது. கோடு அறுந்திருந்தால் எத்தனை கோடி கொட்டினாலும் அது எளிதாயிராது. துலமீன் கரையில் இப்போது அறுக்கப்போவது அந்தக் கோட்டைத்தான். நாளை பணமும் மனமும் உள்ள ஓர் அரசு வந்தால் அதற்கு மிஞ்சியிருப்பது 67 கிலோமீற்றர் பள்ளமும் புதரும்தான்.

முடியாது என்று சொல்பவர்களால் முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2003 காட்டுத்தீயில் இதே கெட்டில் வேலிப் பாதையின் மைரா பள்ளத்தாக்கில் 18 பாலங்களில் 12 மரப்பாலங்கள் கரியாயின. ஐந்து ஆண்டுக்குள், 2008இல், அவ்வளவும் திரும்ப எழுந்தன. அப்போது கட்டுப்படியானது இப்போது ஏன் ஆகவில்லை? மைரா கெலோனாவுக்கு அருகில் இருக்கிறது, புகைப்படங்களில் வருகிறது. துலமீன் கரைச் சிற்றூரான கோல்மொண்ட் வருவதில்லை. வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

அதே 2021 மழையில் கொக்விஹல்லா நெடுஞ்சாலை ஏறத்தாழ இருபது இடங்களில் உடைந்தது. 35 நாளில் அதில் லொறிகள் ஓடின. நல்ல வேலை, பாராட்டினோம். நெடுஞ்சாலைக்கு 35 நாள். கீழே அதே கொக்விஹல்லா ஆற்றங்கரையில் கெட்டில் வேலித் தடத்தின் ஒதெல்லோ ரயில் சுரங்கப்பாதைகளோ 2022, 2023, 2024 என்று கோடைக்குக் கோடை பூட்டியே கிடந்தன. வெள்ளத்துக்கு முன்பும் இந்தத் தடத்தை மாகாண நிர்வாகத்தினர் பேணிய லட்சணம் தெரிந்ததுதான். நாற்சக்கர மோட்டார் வண்டிகள் மண்ணை உழுது மணலாக்குகின்றன என்று சைக்கிளோட்டிகள் ஆண்டுக்கணக்காக முறையிட்டார்கள். கேட்பாரில்லை.

தடம் ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. இவர்களின் கணக்கேடு நீளமானது. ஆற்றங்கரை அணைகளின் பொறுப்பை 2003இல் சிற்றூர்களின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவினார்கள்; பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு மெரிற்றும் பிரின்ஸ்டனும் மூழ்கின. 2021 கோடை வெக்கையில் மாகாணத்தில் 619 பேர் மாண்டார்கள். கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி இருந்தும் அனுப்பவில்லை. பாடம் கற்றார்களா? ஐந்து மாதத்தில் வெள்ளம் வந்தது, அப்போதும் அனுப்பவில்லை. 2003க்குப் பிறகு ஆட்சியில் கட்சிகள் மாறின. மேசைகள் மாறவில்லை. எதையும் உரிய காலத்தில் செய்யாமல் விடுவது, பிறகு காலம் கடந்துவிட்டது என்பதையே காரணமாகக் காட்டுவது: இந்தப் பள்ளத்தாக்கிலும் நடப்பது அதுவேதான். வெள்ளம் வடிந்த கையோடு செய்திருக்கவேண்டிய சிறு வேலைகளை மூன்று ஆண்டுக்கு மேல் கிடப்பில் போட்டுவிட்டு, இப்போது செலவு ஏறிவிட்டது என்று கைவிரிக்கிறார்கள்.

பருவநிலை மாறிவிட்டது, ஆற்றோடு மல்லுக்கட்ட முடியாது என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆற்றங்கரையில் வண்டி போகும் வீதிக்கு அந்தத் தத்துவம் ஒருபோதும் பொருந்துவதில்லை. அங்கே கற்களைக் கொட்டிக் கரையை உயர்த்துகிறார்கள். மிதித்துப் போகிறவன் வரும்போது மட்டும் இயற்கையின் முன் பணிவு பிறந்துவிடுகிறது.

நிலக்கரிச் சுரங்கமும் ரயிலும் போனபின், இந்தச் சிற்றூர்களில் ஒரு விடுதியும் ஒரு கோப்பிக் கடையும் கோடையில் தாக்குப்பிடிப்பதற்குச் சைக்கிளில் வருகிறவர்களும் ஒரு காரணம். அவர்களின் வாழ்வைத் தொடும் முடிவை மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் எழுதி முடித்துவிட்டு ஊருக்கு அறிவிப்பது முறையல்ல. எந்தப் பாலத்தில் என்ன பழுது, எதைத் தாங்கவைக்கலாம், எங்கே தடத்தைச் சற்று மேலே ஒதுக்கலாம் என்பதை ஊராரோடும், அந்த நிலத்தின் மூத்தவர்களான சிமில்கமீன் முதற்குடி மக்களோடும் உட்கார்ந்து மறுபடி யோசிக்கவேண்டும். முழுத் தடத்தையும் உடனே திறக்கும்படி நாம் கேட்கவில்லை. கொஞ்சக் காலம் மூடியே வைத்தாலும் சம்மதம்.

அதுவரை பாரந்தூக்கிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்கக்கூடாது. கழற்றுவதற்கு வைத்திருக்கும் 2 கோடியை வேறு எதற்குச் செலவிடுவது என்று தெரியாவிட்டால், கோல்மொண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.