படி ஏறும் படகு

மாடிப்படியில் மனிதன் ஏறுவான், படகு ஏறுமா? பிரான்ஸில் ஏறுகிறது!

பெஸியே நகருக்கு அருகே, 'டு மிடி' கால்வாயில், படிப்படியாக எட்டுத் தொட்டிகள், ஒன்பது கதவுகள் கட்டினார்கள். படகு நுழைந்ததும் பின்கதவைச் சாத்தி, மேல் தொட்டியிலிருந்து நீரை விடுவார்கள். நீர் உயர, படகும் உயரும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். அடுத்த படி!

கால்வாயை அமைத்தவர் ரிக்கே என்ற உப்புவரி வசூல்காரர். முதலில் கட்டிய தொட்டியின் நேர்ச் சுவர் மண் பாரத்தால் சரிந்தது. மனிதர் சோரவில்லை, முட்டை வடிவில் வளைத்துக் கட்டினார். மண் நெருக்க நெருக்கச் சுவர் இறுகி நின்றது! 300 ஆண்டுகள் தாண்டியும் இன்றும் படகுகள் ஏறி இறங்குகின்றன.

சொந்தப் பணத்தைக் கொட்டிக் கடனாளியான ரிக்கே, 1680-ல் கண்ணை மூடினார். கால்வாய் திறந்தது 1681-ல். பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை!