'மாற்றம்' என்னும் சொல்லும் புத்தூர்ப் பட்டறையும்

வீட்டுக் கொட்டகையில் காரின் எஞ்சினையும் மின்னணுப் பகுதியையும் மாற்றி அதன் திறனைக் கூட்டுகிற இளைஞர்களைப் பற்றிக் கல்விப்புலத்தில் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, பணக்கொழுப்பு. மற்றது, சட்டவிரோதம். இரண்டையும் சொல்லிவிட்டால் அதற்குமேல் சிந்திக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி நமக்கு. அந்த நிம்மதியைக் கலைக்கவே இதை எழுதுகிறேன். மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு ஒரே விடை: வழக்கே ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது.

'ஆல்ட்டரேஷன்' என்பது அந்தச் சொல். தமிழில் மாற்றம் என்கிறோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு ஒரு விளக்கம் தருகிறது: வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதல் அதன் அடிப்படைத் தன்மையை மாற்றுமாயின் அது மாற்றம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் எதையும் செய்யக்கூடாது என்பது அப்பிரிவின் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182அ என்னும் பிரிவை மாற்றியமைத்து, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இன்றைய காரின் முன் நின்று பாருங்கள். எங்கள் புத்தூரில் உறவினர் ஒருவரிடம் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். ஆலையிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறன். அந்த எண்ணைத் தீர்மானிப்பது இரும்பு மட்டுமன்று. ஈசியூ எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் அட்டவணைகள் இருக்கின்றன: இத்தனை சுழற்சியில், இத்தனை காற்று உள்ளே வந்தால், இத்தனை எரிபொருள், தீப்பொறி இத்தனை பாகைக்கு முன்னே, டர்போ இவ்வளவு அழுத்தம் தரலாம். ஆயிரக்கணக்கான கட்டங்கள் கொண்ட ஓர் இலக்கணம் என்றே சொல்வேன். மடிக்கணினியையும் ஒரு கம்பியையும் கொண்டு அந்த எண்களை மாற்றினால் ஒரு திருகாணியையும் தொடாமல் வண்டியின் இயல்பே மாறிவிடும். இது கட்டமைப்பில் மாறுதலா? பதிவுச் சான்றில் கன அளவு உண்டு, உருளைகளின் எண்ணிக்கை உண்டு, எரிபொருள் வகை உண்டு, நிறம்கூட உண்டு. எரிபொருள் அட்டவணைக்கு ஒரு கட்டமும் இல்லை. சந்துபொந்தைக் காட்டி டியூனிங் செய்பவரைத் தப்புவிப்பது என் நோக்கமன்று. சட்டத்தின் சொல்லாட்சி இரும்பைப் பார்க்கிறது, எழுத்தைப் பார்க்கவில்லை என்பதே நான் சுட்டுவது. எதை அளக்க வேண்டுமோ அதற்கு அதனிடம் சொல்லே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சொல்லால் தடுக்கிறது.

அத்தனையையும் தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இந்தியாவில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய எஞ்சின் மாற்றம் எந்தக் கொட்டகையிலும் நிகழவில்லை. பெட்ரோல் பங்கில் நிகழ்ந்தது. 2025க்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. தூய பெட்ரோலின் ஒரு பங்கு முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருள் செலுத்தப்பட வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் விற்கப்பட்ட பெரும்பாலான கார்களின் அட்டவணைகள் இதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆக்சிஜன் சென்சார் ஓரளவுக்குத் திருத்திக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கை நன்றாகவே தாங்கும் என்பதும் உண்மை. ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. அட்டவணை எந்த எரிபொருளுக்காக எழுதப்பட்டதோ அந்த எரிபொருளை அரசு மாற்றலாம், அது மாற்றமன்று. மாறிய எரிபொருளுக்கு ஏற்ப உரிமையாளர் அட்டவணையைத் திருத்தினால் அது மாற்றம். அபராதத்துக்கும் சிறைக்கும் உரியது. ஒரே சொல்லுக்கு இப்படி ஆளுக்கொரு பொருள் இருப்பதை அகராதியில் எழுதினால் ஆசிரியர் அடிக்கோடிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

'தயாரிப்பாளர் குறித்தபடி இருந்தால் பாதுகாப்பு' என்பது அடுத்த வாதம். ஈசியூவைக் கொண்டு உலகில் நடந்த மிகப் பெரிய மோசடியைச் செய்தவர் யார்? தயாரிப்பாளர்தான். சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று உணர்ந்து, சோதனையின்போது மட்டும் தூய்மையாக நடந்துகொள்ளும் நிரலை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் அம்பலமானது. அதைக் கண்டறிய வழிவகுத்தவர்கள் காவல்துறையினர் அல்லர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு ஆய்வுக்குழு. அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இரு இந்தியப் பெயர்கள் அக்குழுவில் உண்டு. காரின் பின்புறத்தில் அளவுக்கருவியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டினார்கள். ஜெட்டா காரின் நைட்ரஜன் ஆக்சைடு சட்ட வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வந்தது. பசாட் காரில் 5 முதல் 20 மடங்கு. ஆலை முத்திரை இருந்தது, சான்றிதழ் இருந்தது, ஈசியூ பூட்டப்பட்டும் இருந்தது. வெளியாள் அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பூட்டு நம்மைக் காப்பதில்லை, அளவீடுதான் காக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இதுவரை படித்துவிட்டுக் கைதட்டத் தயாராகும் டியூனிங் நண்பர்கள் சற்றுப் பொறுக்கவும். அளவீடு என்ற அந்த ஒரே அடிப்படையில் உங்கள் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நகரி முதல் ரேணிகுண்டா வரையிலான நெடுஞ்சாலைப் பட்டறைகளில் பழைய மெக்கானிக்குகளின் சொற்களைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பகுதிக்கு உரிய முறையில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கைகோத்து நடக்கும். வண்டி இழுக்கவில்லை, திணறுகிறது, மிஸ்ஸிங் வருகிறது, அடிக்கிறது: இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தத்தக்க சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோளாறைக் குறிக்கும். காதாலும் காலடி அதிர்வாலும் தேர்ந்த பாகுபாடு. கார்பரேட்டர் காலத்தில் அந்தச் சொற்களஞ்சியம் போதுமானதாக இருந்தது. டர்போ எஞ்சினில் அது போதாது. முழு அழுத்தத்தில் எரிபொருள் சற்றே குறைந்தால், காதுக்கு எட்டாத நாக்கிங் பிஸ்டனின் வளைய விளிம்பைச் சிறுகச் சிறுக உடைக்கும்; வெளியே தெரியும்போது எஞ்சின் இறங்கியாக வேண்டும். இங்கே எண் வேண்டும். வைட்பேண்ட் சென்சாரின் அளவு, தீப்பொறி எத்தனை பாகை பின்வாங்கியது, உள்ளே போகும் காற்றின் வெப்பம், இவற்றின் பதிவேடு வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய ஒரு கோப்பை ஏற்றுகிறார்கள். அதை எழுதியவர் குளிர்நாட்டில் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதியிருக்கலாம். புத்தூரின் மே மாத வெயில் அவருக்குத் தெரியாது. ஏற்றுபவருக்கோ அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியாது. எழுத்தறியாமல் மந்திரத் தகடு கட்டிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்று பேசுகிறீர்களே, அவற்றுக்கு யாரேனும் வரையறை செய்ததுண்டா? ஒரு கடையின் இரண்டாம் நிலை இன்னொரு கடையின் முதல் நிலை. அது தொழிற்சொல் அன்று, விலைப்பட்டியல். இதற்கும் மேலாக, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க நிரலையும் திருத்தி, அதற்கு 'உரிமை' என்று பெயர் சூட்டுகிறவர்களை நான் ஆதரிக்கப் போவதில்லை. சொந்தக் காரின் நிரலை வாசிப்பது உரிமை. அடுத்தவர் மூக்குக்குள் புகையை அனுப்புவது ஃபோக்ஸ்வாகன் செய்ததன் சில்லறை வடிவம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று கையில் இருக்கிறதே என்று காட்ட வேண்டாம். அந்தச் சோதனை நின்ற வண்டியின் புகையை முகர்கிறது. திருமலை மலைப்பாதையில் நான்கு பேரோடு ஏறும்போது என்ன வெளிவருகிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் குருட்டுத்தனத்துக்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. ஒளித்துச் செய்யப்படும் எதிலும் பதிவேடு உருவாகாது. பதிவேடே குற்றச் சான்றாகிவிடும். எங்கள் ஊரின் பெயரைத் தமிழகம் முழுவதும் பெயர்ப்பலகையில் ஏற்றிய எலும்பு முறிவு வைத்தியத்தை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். முட்டை வெண்கரு, பச்சிலை, மூங்கில் தப்பை, துணிக்கட்டு. பட்டமில்லாத குடும்ப அறிவுதான். ஆனால் அது பகலில், முகவரியோடு, வரிசையில் நிற்கும் மக்கள் பார்க்க நடக்கிறது. கட்டு சரியில்லையென்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். அதற்கும் குறை உண்டு. இறுகக் கட்டிய கட்டால் இரத்த ஓட்டம் நின்று கையை இழக்க நேரும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது பொய்யன்று. எனினும் அந்த எச்சரிக்கையைச் சொல்லவும், எக்ஸ்ரே எடுத்து வா என்று கேட்கவும் ஒரு பொது இடமாவது அங்கே இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் ரீமேப்பிங்கில் அது இல்லை.

பணக்கொழுப்பு என்ற முதல் தீர்ப்புக்கும் ஒரு சொல். கோவையின் ஆலைக் குடும்பத்தில் பிறந்த சுந்தரம் கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை எடுத்துப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற வகை அப்படித்தான் பிறந்தது. 1995இல் அவர் மறைந்தபின் செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவரை முன்னோடி என்கிறோம், சரியாகவே. பந்தயத்தடம் வேறு, பொதுச்சாலை வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய காரைக் கடனில் வாங்கி, இணையத்தில் படித்து, இண்டர்கூலரைத் தானே மாற்றுகிற மெக்கானிக் மகனுக்குப் பந்தயத்தடமும் எட்டாது, சோதனைக்கூடமும் எட்டாது. அவனுக்கு எட்டுவது சாலை ஒன்றே. வசதி படைத்தவரின் கைவேலை விளையாட்டு, வசதியற்றவரின் கைவேலை பொறுக்கித்தனம் என்று நம் வகுப்பறைகளில் கேட்கும் ஏளனம் அறத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. அதே 52ஆம் பிரிவு சிஎன்ஜி, எல்பிஜி, மின்கலம் ஆகியவற்றுக்கு எஞ்சினை மாற்றுவதை நிபந்தனையோடு அனுமதிக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட கிட், சோதனை, பதிவுச் சான்றில் திருத்தம். எரிவாயு உருளையைப் பின்னிருக்கைக்கு அப்பால் கட்டிக்கொண்டு ஓடுவதை ஒழுங்குபடுத்தத் தெரிந்த சட்டத்துக்கு ஓர் எண் அட்டவணையை ஒழுங்குபடுத்தத் தெரியாதா? ஜெர்மனியில் மாற்றியமைத்த காரை உரிய நிபுணரிடம் காட்டி, தேறினால் வாகன ஆவணத்தில் பதிந்து ஓட்டலாம். அமெரிக்காவில் 2015இல், சொந்தக் காரின் நிரலைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு தந்தார்கள். அங்கும் புகைச் சட்டம் தளரவில்லை. நமக்கோ ஒரகடத்தில் அரசு வாகனச் சோதனை மையம் இருக்கிறது, ஸ்ரீசிட்டியில் கார் ஆலையே இருக்கிறது. புத்தூரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை.

அந்தக் கல்லூரிகளிடம்தான் என் சண்டை. மாணவர் போட்டிக்காக ஈசியூ மேப்பிங் செய்யும் அணிக்குச் சான்றிதழ் தருகிறீர்கள். அதே வேலையை மதில் சுவருக்கு வெளியே செய்பவனுக்கு வாயில் கதவைச் சாத்துகிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை புகை அளவியையும் சென்சார்களையும் வெளியாருக்குத் திறந்துவிடுங்கள். பெயர் கேட்காதீர்கள், அபராதம் பேசாதீர்கள், அளந்து எண்ணை மட்டும் கையில் கொடுங்கள். கோப்பை விற்றவன் சொன்னதும் கருவி சொல்வதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை அவர்களே பார்க்கட்டும். தமிழ்த்துறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'ரீமேப்பிங்'குக்கு என்ன கலைச்சொல் என்று குழு அமைப்பதற்கு முன், பட்டறையில் ஏற்கெனவே என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள்.

நகரி, புத்தூர், ரேணிகுண்டா, திருத்தணிப் பட்டறைகளின் எஞ்சின் சொற்களை நான் திரட்டி வருகிறேன். தமிழ், தெலுங்கு, கலப்பு எதுவானாலும் சரி. எந்தக் கோளாறுக்கு எந்தச் சொல் என்று ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். பழைய பெட்ரோலிலும் இ20இலும் ஒரே காரில் எடுத்த பதிவேடு யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள். வண்டி எண்ணை அழித்துவிட்டு அனுப்பவும்.