ஏட்டைக் கெடுத்தவர்கள்

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று ஒரு பழமொழி உண்டு. அசட்டையாகப் பிழை விடுகிறவர்களைத் திட்டுவதற்கு இன்றும் அது உதவுகிறது. ஏடெழுதியவர்கள் மேல் அந்தப் பழமொழி பாதிப் பழியை அநியாயமாகச் சுமத்துகிறது என்பேன்.

எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலும் ரகரமும் கூட ஒன்றுபோல இருக்கும். ‘கொடு’ என்று கீறியிருப்பதைக் கொடு என்று படிப்பதா, கோடு என்பதா, காலை ரகரமாக்கிக் ‘கெரடு’ என்று பிரிப்பதா? இடம் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். எகர ஒகரங்களில் இன்று நாம் காணும் குறில் நெடில் வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது.

போதாததற்கு, ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டு எழுதுவதும் வழக்கம். வாசிப்பவர் நாவில் ழகரம் ளகரமானால் ஏட்டிலும் ளகரம்தான். பழமொழி படித்தவனையும் எழுதினவனையும் சேர்த்தே இழுப்பது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். மெய்யான கவனக்குறைவும் உண்டு: அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் கண் ஒன்றைத் தாண்டிவிடும், ஓர் அடி முழுதாக விழுந்துபோகும்.

இப்படிப்பட்ட ஏடுகளோடுதான் பதிப்பாசிரியர்கள் மல்லாட வேண்டியிருந்தது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்விதான் பதிப்பாசிரியர் உ.வே.சாமிநாதையரைச் சீவக சிந்தாமணி என்னும் காப்பியத்தின் பக்கம் திருப்பியது. நூல் அச்சில் வந்தது 1887இல். ஏடு தேடுவதும் ஒப்பிடுவதும் அவ்வளவு காலம் பிடித்த வேலை. ஓர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும், அதே இடத்தில் இன்னொன்றில் வேறு சொல் இருக்கும். அவர் பதிப்புகளைப் புரட்டினால் அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்று அடிக்கடி வரும். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. தமக்குச் சரியெனப் பட்டதை மேலே வைத்து, மற்றதைப் பிழை என்று தள்ளாமல் பேதம் என்று கீழே காத்து வைத்தார். அந்தப் பெருந்தன்மையை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இன்று கிடைக்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்த அடிக்குறிப்பு வரிகள் இல்லை. பக்கம் மிச்சம் பிடிக்கிறார்கள். வேறொரு பாடம் இருந்ததே வாசகருக்குத் தெரியாமல் போகிறது. புலவர் எழுதிய சொல் அந்தப் பேதத்தில்தான் இருக்கிறது என்று நாளை ஒருவர் காட்டவும் வழியில்லை. மறுபதிப்புப் போடுகிறவர்களே, தயவுசெய்து அந்தப் பொடியெழுத்து வரிகளை நீக்காதீர்கள்.