வாவிப் பாட்டும் மேலைப் பல்லியமும்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8 ஆம் நாள் இலண்டன் மாநகரில் றோயல் பில்ஹார்மோனிக் பல்லியத்தினர் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தனர். அச்செய்தி வந்த நாள்முதல், எங்கள் வாவிக்கரையில் இசையில் நாட்டமுள்ள இளைஞர் கூடுமிடமெல்லாம் ஒரே பேச்சாயிற்று. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலே நாட்டுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த மேடைக்கு ஏறலாமாயின், நமது கூத்துத் தருவும் அம்பாப் பாட்டும் கவியும் அங்கே ஏறுவது எப்போது? கல்லடிப் பாலத்தடியில் ஒரு மாலைப்பொழுது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட தம்பிக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

இக்கேள்வியை நமக்கு முன்னரே கேட்டு, செய்தும் காட்டியவர்கள் சீனர். 1959 ஆம் ஆண்டு மே மாதம், ஷாங்காய் இசைக்கல்லூரி மாணவராயிருந்த ஹோ சான்ஹாவ், சென் காங் என்னும் இருவர் ‘வண்ணத்துப்பூச்சிக் காதலர்’ என்ற வயலின் இசைக்கோவையை அரங்கேற்றினர். தனி வயலினை வாசித்த யூ லீனாவும் ஒரு மாணவியே. ஆண்வேடம் பூண்டு கல்வி கற்கச் சென்ற ஒரு பெண்ணும் அவளோடு பயின்ற இளைஞனும் இவ்வுலகிற் சேர முடியாமல் இறந்து வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பறந்த நாடோடிக் கதையே அதன் பொருள். ஷாவோசிங் பகுதி மக்களின் நாட்டு நாடகப் பண்களே அதன் உயிர். ஆனால் வாசித்ததோ மேலைநாட்டுப் பல்லியம். இன்று உலகின் பெருநகர்களில் எல்லாம் அது வாசிக்கப்படுகிறது.

மஞ்சள் நதியின் கதையும் அத்தகையதே. பாரிசில் இசை பயின்று திரும்பிய சியான் சிங்ஹாய் 1939 இல் அந்நதியைப் பற்றிய பெரும் பாடற்கோவையொன்றை இயற்றினார். அதன் தொடக்கத்தில் வருவது ஓடக்காரர் பாட்டு. வெள்ளத்தை எதிர்த்துத் தண்டு வலிப்போரின் கூவலும் மறுமொழியும் அதிலே கேட்கும். 1969 இல் அப்பாடற்கோவை பியானோவுக்கும் பல்லியத்துக்கும் உரியதாக மாற்றி அமைக்கப்பட்டது. 1973 இல் சீனாவுக்குச் சென்ற அமெரிக்காவின் பிலடெல்பியாப் பல்லியத்தினர் அதனைப் பீக்கிங் நகரிலேயே வாசித்தனர். ஓடக்காரன் பாட்டு கடல்கடந்து வந்தவர் கையில் ஒலித்த அந்நிகழ்ச்சியை எண்ணும்போது, நமது கரைவலைக்காரரை நினையாதிருக்க முடியுமா?

இவற்றைக் கண்டு நாமும் இன்றே பல்லியத்தைக் கூட்டுவோம் எனப் புறப்படுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஹோ சான்ஹாவ் இசைக்கல்லூரிக்கு வருமுன் அந்த நாட்டு நாடகக் குழுவொன்றின் வாத்தியக்காரராக இருந்தவர். நடிகையின் குரல் எங்கே வழுக்கும், எங்கே தேம்பும் என்பதை மேடைக்கருகே அமர்ந்து கேட்டவர். ஆகவேதான் வயலினின் தந்தியில் விரலை வழுக்கி அந்தத் தேம்பலை அவரால் வருவிக்க முடிந்தது. இதற்கு மாறான கதையும் உண்டு. இத்தாலியரான புச்சினி சீனாவைக் கண்டதில்லை. ஓர் இசைப்பெட்டியிலிருந்து தமக்குக் கிடைத்த மல்லிகைப்பூப் பாட்டின் மெட்டை, 1926 இல் அரங்கேறிய தமது ‘துராந்தோத்’ இசைநாடகத்தில் அமைத்தார். இனிமைக்குக் குறைவில்லை. ஆயினும் அது பெட்டி பாடிய மல்லிகையேயன்றி, அதைப் பாடிய பெண்களின் மல்லிகையன்று.

நம் பக்கத்தில் நடப்பதோ பெரும்பாலும் இசைப்பெட்டி வழிதான் என்று சொல்ல எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரையில் ஒரு பாடசாலை விழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் நாட்டார் கவிகளைப் பாடினார்கள். மின்விசைப் பலகை ஒன்று சுருதியும் தாளமும் தந்தது. கைதட்டல் பலமாக எழுந்தது. அக்கவிகளைச் சொல்லிக் கொடுத்தவர் என் பக்கத்திலே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி; எண்பது வயதைக் கடந்தவர்; ஊரார் எல்லாருக்கும் அவர் பெத்தா. பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, “நல்லாத்தான் இரிக்கி மனே. ஆர்ர பாட்டு இது?” என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. தாம் கொடுத்த பாட்டு இன்னதென்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? மின்விசைப் பலகையில் ஒரு தானம் பன்னிரண்டு சமபங்காக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே எதுவும் இல்லை. பெத்தாவின் கவியோ அந்த இடைவெளியிலேதான் வாழ்கிறது. முதலடியை நீட்டி, ஓரிடத்தில் குரலைச் சற்றே இறக்கித் தயங்கி, அந்தத் தயக்கத்திலேதான் ‘மச்சான்’ என்ற சொல்லை வைப்பார். அந்தத் தயக்கம் போனால் பிரிவுத்துயரும் போயிற்று. இன்னொன்றும் உண்டு. கவி தனிக்குரலில் எழுவது. அதன் காலத்தை மூச்சே அளக்கும். அதன்கீழே இடைவிடாத தாளத்தையும் அடுக்குச் சுரங்களையும் வைத்தால், ஆற்றை வாய்க்காலில் விட்டதுபோல் ஆகிவிடுகிறது. அம்பாவுக்கும் அவ்வாறே. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுக்க மற்றவர் ஏற்றிசைப்பர். வலையின் பாரமே அங்கே தாளம். பாரம் கூடக்கூடப் பாட்டின் நடையும் மாறும். கோல் பிடித்து நடத்துபவர் அந்தப் பாரத்தைத் தம் தோளில் உணர்ந்தவராக இருக்க வேண்டாமா?

குற்றம் கருவியினுடையது என்று நான் கூறவில்லை. மேலைநாட்டிலிருந்து வந்த வயலினை பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம்மவர் தமதாக்கிக் கொண்டனர். தந்தியில் விரல் எங்கும் செல்லலாம் என்பதே அதற்குக் காரணம். கட்டை வைத்த ஆர்மோனியத்தையோ 1940 இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. அந்த விலக்கு முப்பது ஆண்டுகள் நீடித்தது. சிம்பொனிப் பல்லியத்திற் பெரும்பகுதி வயலின் இனத்துத் தந்திக் கருவிகளே. ஆதலால் பெத்தாவின் தயக்கம் அதற்கு எட்டாத பொருளன்று. எட்டவைக்கத் தெரிந்த காது வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டுக்கலையை அதன் களரியை விட்டு அசைக்கவே கூடாது என்று சொல்லும் அன்பர்களும் நம்மிடையே உளர். அவர்களது அச்சத்தை நான் மதிக்கிறேன், முடிபை ஏற்கிலேன். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட வடமோடிக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கிச் செப்பனிட்டு, 1962 இல் ‘கர்ணன் போர்’ என மேடையேற்றினார். அப்போதும் இதே அச்சம் எழுந்தது. கூத்து அழிந்ததா? களரியிலும் அது ஆடப்பட்டது, மேடையிலும் ஆடப்பட்டது. அக்காலத்து மாணவரான மௌனகுரு பின்னாளிற் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ‘இன்னியம்’ என்னும் வாத்திய அணியை உருவாக்கினார். ஊர்வலங்களில் மேலைநாட்டு பாண்டு வாத்தியம் முழங்கிய இடத்தில், பறையும் மத்தளமும் உடுக்கும் சங்கும் முழங்கின. பறையைத் தொட மறுத்த சமுதாயத்தில் பட்டம்பெற வந்த பிள்ளைகள் அதைத் தோளில் தாங்கினார்கள். இது சிறிய காரியமன்று. பல்லியம் என்பது பிறர் தந்தால்தான் நமக்கு உண்டு என்ற எண்ணத்தையும் அது போக்கியது. இங்கெல்லாம் மாற்றம் செய்தவர்கள் அண்ணாவிமாரின் காலடியில் இருந்து படித்தவர்கள் என்பதை மறவாதிருப்போம்.

மேலும், அசைக்காமல் வைத்தால் மட்டும் இருந்துவிடப் போகிறதா? வயலிலே அறுவடை இயந்திரம் இறங்கிய பின் சூடடிக்கும் களம் ஏது, களத்திலே பொலிப்பாட்டு ஏது? கரைவலையையும் பல இடங்களில் இயந்திரம் இழுக்கத் தொடங்கிவிட்டது. தோள் நோவு தீர்ந்தவரைப் பார்த்து, பாட்டுக்காக மீண்டும் இழுங்கள் என்று கூற நமக்கு என்ன உரிமை? 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அவற்றுக்கிடையே நீண்ட போரும் எத்தனை குரல்களைக் கொண்டு போயின! பாடுவதற்குரிய தருணம் போனபின், புதிய தருணம் ஒன்றை அமைத்துக் கொடாவிட்டால் பாட்டும் போகும். அந்தப் புதிய தருணங்களுள் பல்லிய மேடையும் ஒன்றாகலாம்.

ஆயின் முறை ஒன்று உண்டு. சீனரின் இன்னொரு கதையைக் கேளுங்கள். ஊஷி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த கண்ணிழந்த கலைஞர் ஒருவர் இருந்தார். ஆ பிங் என்பது அவருக்கு வழங்கிய பெயர். 1950 ஆம் ஆண்டுக் கோடையில் யாங் யின்லியூ என்னும் இசையறிஞர் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று அவர் வாசித்த ஆறு உருப்படிகளைப் பதிவுசெய்தார். அவ்வாண்டு முடியுமுன் ஆ பிங் இறந்துபோனார். அந்த ஆறே எஞ்சின. அவற்றுள் ஒன்று, ஊற்றுநீரில் நிலவு தோன்றுவதைப் பற்றியது, பிற்காலத்தில் பல்லியத்துக்கு அமைக்கப்பட்டது. 1978 இல் ஜப்பானியரான சேய்ஜி ஒசாவா அந்த வடிவத்தை நடத்திய பின், அதன் மூலத்தை இருதந்தி வில்லிசைக் கருவியில் ஒரு மாணவி வாசிக்கக் கேட்டுக் கண்ணீர் விட்டார் என்பர். பல்லியம் வாசித்தது பிழை என்பது இதன் பொருளன்று. மூலம் கையில் இருந்தமையால்தான், எதை எட்டினோம் எதை எட்டவில்லை என்று அளக்க முடிந்தது.

நம்மிடம் அந்த அளவுகோல் இருக்கிறதா? சொற்களைத் தொகுத்த பெரியோர் உளர். தி. சதாசிவ ஐயர் 1940 இல் வசந்தன் கவிகளைத் திரட்டி அச்சேற்றினார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நம் வீடுகளில் இருக்கவேண்டிய நூல். ஆனால் ஏட்டில் ஏறியவை அடிகள். இசையின் பெரும்பகுதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. நம் வாவியின் பாடுமீனை இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் பதிவுசெய்தார். இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. மீனோ ஊரியோ என வழக்குத் தீராத ஒன்றின் குரலுக்குக் கிடைத்த மரியாதை, முகமும் பெயரும் உள்ள நம் பெத்தாமாரின் குரலுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆகவே என் கருத்து இதுதான். முதலிற் காது, பின்பு ஏடு, அதன் பின்பே மேடை. ஒவ்வொரு கிராமத்திலும், எழுவான்கரை படுவான்கரை என்றும், தமிழர் முஸ்லிம்கள் என்றும் பாராது, பாடத் தெரிந்தோரைத் தேடிச் சென்று பதிவுசெய்ய வேண்டும். பாடியவர் பெயர், ஊர், பாடும் தருணம் ஆகிய மூன்றும் பாட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். பல்லியத்துக்கு அமைக்க விரும்புவோர் ஒரு கூத்துப் பழக்கமாவது தொடக்கம் முதல் அரங்கேற்றம் வரை அண்ணாவியாரின் பக்கத்தில் இருக்கட்டும். நிகழ்ச்சித்தாளில் அமைத்தவரின் பெயருக்கு மேலே கொடுத்தவரின் பெயர் நிற்கட்டும். பணம் வருமாயின் அதிலும் பங்கு செல்லட்டும். கண்ணகியம்மன் குளிர்த்தி போன்ற வழிபாட்டுப் பாடல்களைக் கோயிலாரின் சம்மதமின்றித் தொடவேண்டாம். எண்பது பேர் கொண்ட பல்லியம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு வயலினும் ஒரு மத்தளமும் சல்லரியும் போதும், பயிற்சி தொடங்குவதற்கு.

காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்ற துறவி. வழக்கொழிந்து போன யாழை, சிலப்பதிகாரத்தின் வரிகளிலிருந்தும் சுருதிக் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து, 1947 இல் ‘யாழ் நூ’லை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் எவரும் குறித்து வையாமற் போனதற்கு ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளால் விலை கொடுத்தார். அம்பாவையும் கவியையும் தேடி இன்னோர் அடிகள் பிறக்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது.

அந்த விழாவுக்கு மறுவாரம் பெத்தாவிடம் போனேன். கைத்தொலைபேசியை முன்னே வைத்துப் பாடச் சொன்னேன். மூன்று கவிகள் பாடினார். நான்காவதன் முதலடி வந்தது, மற்றவை வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, “நாளைக்கு வா மனே, வந்திரும்” என்றார். மறுநாளும் போனேன், வரவில்லை. அந்தக் கவியின் மூன்று அடிகள் இனி எந்தப் பல்லியத்துக்கும் இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் விடை: அந்த மேடைக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அதற்குரிய வழி உன் வீட்டுப் பெத்தாவின் திண்ணையிலிருந்து தொடங்குகிறது. நாளைக்கென்று வையாமல் இன்று பின்னேரமே போ.